ஒரு வருஷத்துப் பருப்பு

போன வாரம் நம் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி, "எண்ணெய் வெலை இன்னும் ஏறுமாமுங்க, இப்பவே வாங்கி வெச்சுக்குங்க" என்று போட்டாள். சாயங்காலத்துக்குள் ஆளாளுக்குத் தங்கள் சமையலறை அலமாரியைப் படமெடுத்துப் போட்டுவிட்டீர்கள். எண்ணெய்ப் பாக்கெட், துவரம்பருப்பு, உளுந்து, புளி என்று அடுக்கடுக்காக. ஒருத்தி வீட்டில் கட்டிலுக்கு அடியில்கூட அரிசிச் சிப்பம் தெரிந்தது. என் மருமகளும் அன்றைக்கே சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய் வண்டி நிறைய அள்ளிக்கொண்டுதான் வந்தாள். குறை சொல்லவில்லை. வீடு நடத்துகிறவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

ஆனால் அந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு எங்கள் அத்தை ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் தங்கை. உங்களில் சிலர் அவளைப் பார்த்திருப்பீர்கள். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்கு விளையாட வந்தால் கைக்குள் பொட்டுக்கடலையைத் திணித்து அனுப்புவாளே, அவள்தான். அந்த வருஷம் அவளுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. கூடவே இருந்த எனக்கே பாதிதான் தெரியும். மீதியைப் பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த சமயம். மழை சரியாகப் பெய்யவில்லை. ரேஷன் கடையில் எங்கள் தெரு முழுக்க நின்றது. சாமான்களின் விலையைக் கரும்பலகையில் எழுதித் தொங்கவிடும் மளிகைக் கடைக்காரர் எழுதுவதையே நிறுத்திவிட்டார். "காத்தால எழுதுனா பொழுதோட அழிக்கோணுங்க, சாக்பீஸ்தான் தண்டம்" என்றார். போன வாரம் வாங்கிய அதே விலைக்கு இந்த வாரம் பருப்பு கேட்டால் அவர் பொட்டலத்தைச் சின்னதாகக் கட்டுவார். அம்மா அதைக் கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொள்வாள்.

அப்பா பஞ்சு மில்லில் ஃபிட்டர். எதையும் முன்கூட்டி யோசிக்கிறவர் என்று அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு பெருமை. அந்தத் தீபாவளிக்கு மில்லில் கொடுத்த போனஸில் எங்களுக்குப் புதுத்துணி எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை டவுனில் இருந்த மொத்தக் கடைக்குப் போனவர் மாட்டு வண்டியோடு திரும்பினார்.

வண்டியிலிருந்து இறங்கிய வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. மிளகாய் மூட்டையின் காரம் தொண்டையைப் பிடித்தது. கொத்தமல்லி, பனையோலைப் பாயில் சுருட்டிய புளி, சாக்குத் துணியில் கசிந்த நாட்டுச் சர்க்கரை, தகர டின்களில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய். செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்த துவரம்பருப்பு ஒரு மூட்டை. அதைத் தொட்டால் விரல் சிவக்கும். அம்மா பருப்பில் விளக்கெண்ணெய் தடவி வெயிலில் உலர்த்தினாள். அரிசிக்குள் வேப்பிலையையும் வசம்பையும் போட்டாள். பாட்டன் காலத்துப் பெரிய மண் மொடாக்களை அட்டாலிப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி நிரப்பினோம். அந்த மொடாக்களெல்லாம் பிறகு எங்கே போயின என்று தெரியவில்லை. இப்போது ஹோட்டல் வாசலில் மண் நிரப்பிக் குரோட்டன்ஸ் வைத்திருப்பதைப் பார்க்கும்போது அவற்றில் ஒன்றாக இருக்குமோ என்று நின்று பார்ப்பேன்.

"அடுத்த ஆடி வரைக்கும் எவன் வெலை ஏத்துனாலும் நமக்கு என்ன? ஓட்டிப்போடலாம்" என்றார் அப்பா.

இத்தனையையும் எங்கே வைப்பது? வீட்டில் கடைசியாக ஜன்னல் இல்லாத சின்ன அறை ஒன்று இருந்தது. எலி வராது, ஈரம் ஏறாது. அதில் வைப்பதென்று அப்பா முடிவு செய்தார். அந்த அறையில்தான் அதுவரை அத்தை படுத்துக்கொண்டிருந்தாள்.

அத்தையைக் கருமத்தம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா தறி ஓட்டினார். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. அங்கே இருந்தவர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, அண்ணன் வீட்டில் இருப்பதுதான் அவளுக்கு நல்லது என்று கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தாள். அப்போது அவளுக்கு வயது முப்பதுகூட இருக்காது என்பதை இப்போது கணக்குப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது. எங்களுக்கு அவள் பெரிய மனுஷி.

மூட்டைகள் உள்ளே போக, அத்தையின் டிரங்குப் பெட்டியும் பாயும் சமையலறை மூலைக்கு வந்தன. அதை யாரும் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. அத்தையே பெட்டியைத் தூக்கிவந்து வைத்தாள். "அடுப்புப் பக்கம் கதகதப்பா இருக்குதுங்க நங்கையா" என்று அம்மாவிடம் சொன்னாள். எங்கள் பக்கம் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அடுத்த வாரம் அந்த அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

சமையல் முழுக்க அத்தைதான். அம்மா தையல் மெஷினில் தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருப்பாள். காலையில் அம்மா பூட்டைத் திறந்து, அன்றைக்கு வேண்டியதை அளந்து அத்தையிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவின் சொந்தத்தில் ஒருவர் வந்தார். மதுக்கரைப் பக்கத்துக்காரர். அவர் மகன் ஹாஸ்டலில் இருந்து பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தான்; இனி எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும் என்று கேட்டார். அவர் போன பிறகு அப்பா முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "இந்த வெலவாசியில எப்படிப் புள்ள முடியும்? ஒரு வாய் கொறைஞ்சா ஒரு மாசம் சேத்து ஓட்டலாம்னு நாம பாத்துட்டு இருக்கறோம்."

பின்னால் துவைக்கிற கல்லில் அத்தை துணி அலசிக்கொண்டிருந்தாள். நானும் அங்கேதான் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தேன். அவள் கை நின்றதா, முகம் மாறியதா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பார்க்கவில்லை. பத்து வயதில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்?

அதன் பிறகு அத்தை விரதம் இருக்க ஆரம்பித்தாள். முதலில் வெள்ளிக்கிழமை. பிறகு கிருத்திகை, அமாவாசை. பிறகு சனிக்கிழமை. விரதம் இல்லாத நாட்களில், "நீங்க சாப்புடுங்க நங்கையா, நான் பாத்திரம் கழுவிப்போட்டு உக்கோந்துக்கறேன்" என்பாள். எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவள் உட்கார்ந்தாளா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. தெருவில் அவளுக்கு நல்ல பேர் வந்தது. சாமி காரியத்தில் இப்படி ஒரு பிடிப்பா என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டாள். எதிர்வீட்டு அம்மா ஒருமுறை அத்தையின் கையைப் பிடித்து, "எங்க புள்ளைக்கும் சேத்து வேண்டிக்க அம்மணி" என்றாள். அத்தை தலையை ஆட்டினாள்.

காலையில் அம்மா பருப்பு அளக்கப் போனால் அத்தை தடுப்பாள். "நேத்து எடுத்ததே மிச்சம் இருக்குதுங்க. இன்னிக்கு வேண்டாம்." மிளகாயும் அப்படியே, எண்ணெயும் அப்படியே. மாசம் போகப் போக, அப்பா நினைத்ததைவிட மூட்டைகள் மெதுவாகவே இளைத்தன. மில்லில் கூட வேலை செய்கிறவர்களை ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து அறையைத் திறந்து காட்டுவார். "பாத்தீங்களா? திட்டம் போட்டு வாங்குனா இப்படித்தான் நிக்கும்." அவர்கள் மொடாவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அத்தை அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பாள்.

மாசி மாசம் என்று நினைக்கிறேன். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்த அத்தை, வாசற்படியில் கால் வைத்தவள் அப்படியே சரிந்தாள். பித்தளைக் குடம் உருண்டு தெரு வரை போனது. நானும் தம்பியும் ஓடினோம். கண்கள் திறந்திருந்தன, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்து அவளை மடியில் தூக்கி வைத்தாள். "ஏம் புள்ள, இவ்வளவு லேசா இருக்கறே?" என்று அம்மா கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை.

அப்பா ஷிப்டில் இருந்தார். எதிர்வீட்டுக்காரர் ஜட்கா பிடித்துவந்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார்கள். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா அத்தையின் கண் இமையை இழுத்துப் பார்த்தார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள், வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்கள். தனி என்றால் என்ன, இடையில் ஒரு துணித் திரை.

"இவங்களுக்கு நோய் ஒண்ணும் இல்லை. ரொம்ப நாளாச் சரியாச் சாப்பிடலை. வீட்டுல சாப்பாட்டுக்குக் கஷ்டமா?"

அம்மாவால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அம்மாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. ஒரு கால் பெருவிரலால் மற்ற காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "இல்லீங்க டாக்டரம்மா, இவ விரதம் இருப்பாளுங்க" என்றாள் கடைசியாக.

"எந்தச் சாமி இப்படிக் கேட்டுச்சு?" என்றார்கள் டாக்டரம்மா. கோபமாகக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கஞ்சி வைத்து, அத்தை எதிரில் உட்கார்ந்துகொண்டாள். அத்தை குடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. பிறகு கேட்டாள்.

"ஏன் அம்மணி இப்படிப் பண்ணுனே?"

அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். கடைசியில் அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு வாய் கொறைஞ்சா ஒரு மாசம் ஓட்டலாம்னு அண்ணன் சொன்னாங்க. அப்பறம் நீங்க பூட்டும் போட்டுட்டீங்க."

அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் எழுந்து போய்த் தம்பியின் காதைப் பிடித்து இழுத்துவந்து அத்தை முன்னால் நிறுத்தினாள். "இந்தக் கழுதைக்குத்தான் பூட்டு. பள்ளிக்கூடம் உட்டு வந்து நாட்டுச் சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னுபோட்டு எறும்பு ஏத்தி வெச்சான். உனக்கா பூட்டுவேன்?"

"நீங்க சொல்லவே இல்லீங்களே."

"நீ கேக்கவே இல்லையே, அம்மணி."

இரண்டு பேரும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தம்பி காதைத் தடவிக்கொண்டு, என்ன நடக்கிறதென்றே தெரியாமல் நின்றான்.

சாயங்காலம் மில் சங்கு ஊதியதும் அப்பா வந்தார். அம்மா அவரைக் கை கால் கழுவக்கூட விடவில்லை. முற்றத்திலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா சைக்கிளை ஸ்டாண்ட் போடாமல் பிடித்துக்கொண்டே கேட்டார். "நான் மதுக்கரைப் பையனைச் சொன்னேன்" என்றார். அம்மா, "அதை அவகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள். அப்பா உள்ளே வந்து சமையலறை நிலையில் நின்றார். தங்கையோடு உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லாத மனுஷர். "அம்மணி, அது உன்னை இல்ல" என்றார். "தெரியுதுங்கண்ணா" என்றாள் அத்தை.

மறுநாள் அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு அந்த அறையைக் காலி செய்ய ஆரம்பித்தாள். மூட்டைகளையும் மொடாக்களையும் தரதரவென்று இழுத்துவந்து முன்னறையில், வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் அடுக்கினாள். நானும் தம்பியும் எண்ணெய் டின்களை உருட்டினோம். அறையைக் கூட்டி, கழுவி, அத்தையின் பெட்டியையும் பாயையும் பழைய இடத்தில் வைத்தாள். அப்பா வந்து பார்த்து, "நாலு பேர் வந்து போற எடத்துல இதென்ன கோலம்?" என்றார். "வாரவங்க மூட்டை மேல உக்காரட்டும்" என்றாள் அம்மா. உண்மையாகவே அப்படித்தான் உட்கார்ந்தார்கள். வட்டி வசூலிக்க வருகிறவர்கூட அரிசி மூட்டை மேல்தான் உட்கார்ந்து காப்பி குடித்தார்.

சாப்பாட்டுக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வட்டல், அதாவது சாப்பாட்டுத் தட்டு, வைக்க வேண்டும் என்றும் அம்மா சொல்லிவிட்டாள். அதுவரை அப்பா சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண்கள் உட்காருவார்கள். இப்போது அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதம் ஆவி பறக்க நடுவில் இருக்கும், சுற்றி நாங்கள் எல்லாரும். அப்பா நிமிராமல் சாப்பிடுவார். ஆனால் கடைக்கண்ணால் தங்கையின் வட்டலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல குடும்பம் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அத்தையின் கன்னம் கொஞ்சம் தேறியது. ஒரு நாள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்:

"அண்ணா, எனக்கு மில்லுல வேலை வாங்கிக் குடுங்க."

அப்பா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். "இங்க உனக்கு என்ன கொறை?"

"கொறை இல்லீங்க. நல்லாத்தான் போடறீங்க. நீங்க எல்லாரும் என் வட்டலையே பாத்துட்டு இருக்கறீங்க. எனக்குத்தான் எறங்க மாட்டேங்குது."

"நம்ம ஊட்டுப் பொம்பளை மில்லுக்குப் போனா சொந்தபந்தம் என்ன பேசும்?"

அம்மாதான் சொன்னாள். "ஏனுங்க, அவ பட்டினி கெடந்தப்ப சொந்தபந்தம் என்ன பேசுச்சு? பக்தின்னு பேசுச்சு. பேசட்டும் போங்க."

அப்பா சாப்பாட்டை முடிக்காமல் எழுந்து போனார். கொஞ்ச நாள் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங் பகுதியில் பெண்களை எடுக்கிறார்கள் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அத்தை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "எப்ப வரோணுங்க?" என்றாள்.

அப்பாவின் சாமான் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த வெள்ளாமை நன்றாக விளைந்து, கடையில் பருப்பு விலை இறங்கிவிட்டது. நாங்கள் வாங்கியதைவிடக் குறைவாக. எங்கள் வீட்டிலோ மீதியிருந்த பருப்பில் வண்டு விழுந்தது. கடைசி எண்ணெய் டின் காறிப்போய், அப்பளம் பொரித்தால் வீடு முழுக்க நாறியது. "வாங்குனதைத் தின்னுதான் தீக்கோணும்" என்று அப்பா பிடிவாதமாகச் சாப்பிட்டார். அந்த நாற்றத்தில் தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டால் முறைப்பார். பிறகு ஒருநாள் அவரே டின்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோப்பு காய்ச்சுகிறவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மறுபடியும் மொத்தமாக எதையும் வாங்கவில்லை.

மில் மூடப்படும்வரை அத்தை அங்கே வேலை பார்த்தாள். பிற்பாடு எங்கள் தெருவிலேயே தனியாக ஒரு வீடு எடுத்துக்கொண்டாள். அவள் வீட்டில் மாதச் சாமான் என்ற பேச்சே கிடையாது. அன்றன்றைக்கு வேண்டியதைக் கடையில் சின்னப் பொட்டலமாக வாங்குவாள். மழைக்காலத்தில்கூட அப்படித்தான். எனக்குக் கல்யாணமான புதிதில் நான் சாமர்த்தியசாலி போல, மொத்தமாக வாங்கினால் எவ்வளவு லாபம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் சிரித்தாள். "வாங்கி வெச்சா எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு எட்டி எட்டிப் பாத்துட்டே இருக்கோணும் கண்ணு. எனக்கு ஆவாது" என்றாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்ல விட்டுவிட்டேன். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்ப, அப்பா வந்து சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தார். மில் வழியாக வந்தோம். ஷிப்ட் விட்டு ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. அந்தக் காலத்தில் டீக்கடை பெஞ்சில் பொம்பளைகள் உட்காருவார்களா? உட்கார்ந்திருந்தார்கள். ரீலிங் பெண்கள் கொஞ்சம் பேர், தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசியோடு. நடுவில் எங்கள் அத்தை. ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் பாதி கடித்த பன். பக்கத்தில் இருந்தவள் என்னமோ சொல்ல, வாய் நிறைய பன்னோடு சிரித்தாள். சிரிப்பில் பன் துணுக்கு தெறித்து, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.

அப்பா பிரேக்கைப் பிடித்துக் கால் ஊன்றி நின்றார். அவர் முதுகு எனக்கு முன்னால் விறைத்தது. இப்போது பெல் அடித்து அவளைக் கூப்பிடுவார், நடுத்தெருவில் திட்டுவார் என்று நினைத்து நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா, அத்தைங்க."

"தெரியுது. சத்தம் போடாதே."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அத்தை டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டாள். யார் பார்க்கிறார்கள் என்று ஒருமுறைகூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்பா சைக்கிளைச் சத்தமில்லாமல் திருப்பினார். குளத்து மேட்டைச் சுற்றிக்கொண்டு, வெயிலில், தூரமான வழியில் வீட்டுக்கு மிதித்தார்.